டவர் ஸ்பீக்கரா... முதல்ல டேப்பை எடுங்க பாஸ்!

நீங்க ஈ.சி.ஈ. படிக்கிறீங்களா? ட்ரிபிள் ஈ? அட, சிவிலாவே இருக்கட்டும். 'இன்ஜினீயரிங்' என்கிற ஒரு வார்த்தை போதும். சொந்தக்காரங்க வீட்டுல மிக்ஸி ஓடலைன்னா நீங்க. வைஃபை வரலைன்னா நீங்க. காலிங் பெல் கத்திக்கிட்டே இருந்தா அதுக்கும் நீங்க. நாம இன்னும் டிரான்சிஸ்டரை பேப்பர்ல மட்டும்தான் பயாஸ் பண்ணிட்டிருக்கோம்கிற உண்மை அவங்களுக்கு எங்கே தெரியப்போகுது?

இந்தக் கேள்விகள்லேயே ரொம்ப காஸ்ட்லியான கேள்வி ஒண்ணு இருக்கு. "ஹாலுக்குப் பெருசா ரெண்டு டவர் ஸ்பீக்கர் வாங்கலாம்னு இருக்கேன். எது நல்லாருக்கும், என்ன ஆம்ப்ளிஃபயர் போடலாம்?" கேட்கறவர் ரிட்டயர்மென்ட் பணம் கையில வந்த மாமாவா இருக்கலாம். கேம்பஸ்ல செலக்ட் ஆகி, முதல் வருஷ சம்பளத்தைச் சேர்த்து வெச்சிருக்கிற சீனியரா இருக்கலாம். மேட்டர் லட்சத்துல போகும். "சோனி நல்லாருக்கும் மாமா"ன்னு சொல்லித் தப்பிச்சுடாதீங்க. பதில் சொல்றதுக்குத் தேவையான பாதி சமாச்சாரம் நம்ம ப்ளஸ் டூ பிசிக்ஸ் புத்தகத்துலேயே இருக்கு.

முதல்ல அவரைக் கடைக்கு அனுப்பாதீங்க. இன்ச் டேப் எடுக்கச் சொல்லுங்க. ஹால் எத்தனை அடி நீளம், எத்தனை அடி அகலம், சீலிங் எவ்வளவு உயரம்?

சுரமானி கம்பி ஞாபகம் இருக்கா? ரெண்டு முனையிலும் இழுத்துக் கட்டின கம்பி தனக்குன்னு ஒரு அதிர்வெண் வெச்சிருக்கும். ரெண்டு சுவருக்கு நடுவுல மாட்டிக்கிட்ட காத்தும் அதே கதைதான். ஒலி ஒரு வினாடியில சுமார் 1,130 அடி போகும். அதுல பாதி 565. இந்த 565-ஐ சுவருக்குச் சுவர் உள்ள அடிக்கணக்கால வகுங்க. 16 அடி நீளம்னா 35 ஹெர்ட்ஸ். 11 அடி அகலம்னா 51. சீலிங் 10 அடின்னா 56. இந்த அதிர்வெண்கள்ல உங்க ஹாலே ஒரு வாத்தியம். ஸ்பீக்கர் கொஞ்சமா வாசிச்சாலும் ரூம் சேர்ந்து வாசிக்கும். ரூமோட சில இடங்கள்ல நின்னா பேஸ் மண்டையை உடைக்கும், நாலடி தள்ளிப் போனா ஆளையே காணோம்னு இருக்கும். பேஸ் கிடாரோட தடிச்ச கம்பியைச் சும்மா மீட்டினா 41 ஹெர்ட்ஸ். அதாவது இளையராஜா பாட்டுகள்ல நாம உருகி உருகிக் கேட்கிற அந்த பேஸ் லைன் முழுக்க, உங்க ஹால் வம்பு பண்ணுற ஏரியாவுலதான் நடக்குது.

இப்போ ஒரு 10-க்கு 10 ரூம், சீலிங்கும் 10 அடின்னு வெச்சுக்குங்க. மூணு திசையிலும் அதே 56. ஒண்ணு மேல ஒண்ணு ஏறி உட்கார்ந்துக்கும். அந்த ரூமுல நாலடி உயர டவரைக் கொண்டுபோய் வெச்சா கிடைக்கிறது சங்கீதம் இல்ல, கல்யாண மண்டபத்து ஜெனரேட்டர். என் அபிப்பிராயம் கேட்டா, 12-க்கு 10-க்குக் கீழே இருக்கிற ரூமுக்கு டவரே வேணாம். நல்ல சின்ன ஸ்பீக்கர் ஒரு ஜோடி, ஸ்டாண்டு மேல. மிச்சப் பணத்துக்கு ஊட்டி போயிட்டு வரலாம்.

அடுத்து, ஹால் நடுவுல நின்னு பளார்னு ஒரு தடவை கை தட்டுங்க. 'ட்ரிங்ங்'னு உலோகம் மாதிரி ஒரு சத்தம் பின்னாடியே ஓடி வருதா? வரும். கான்கிரீட் சுவர், வழுவழு டைல்ஸ், கண்ணாடி ஷோகேஸ்... நம்ம ஊர் ஃப்ளாட்டுகளுக்கு அது பிறவிக்குணம். சுதா ரகுநாதன் பாடினாலும் அந்த 'ட்ரிங்' கூடவே பாடும். ஸ்பீக்கருக்கும் சோஃபாவுக்கும் நடுவுல தரையில ஒரு தடிமனான விரிப்பு, ஜன்னலுக்கு நல்ல கனமான திரைச்சீலை, ஒரு பக்கம் புத்தக அலமாரி - இதுவே பெரிய மாற்றம் கொடுக்கும். பவானி ஜமுக்காளம் ஒண்ணு மட்டும் போட்டா மேல் ஸ்தாயி கொஞ்சம் அடங்கும், அவ்வளவுதான். முட்டை அட்டையை ஒட்டுறது சுத்த வேஸ்ட். கீழ் ஸ்தாயிக்கு எதை ஒட்டினாலும் சுலபத்துல அடங்காது. 50 ஹெர்ட்ஸ் அலையோட நீளமே 22 அடிக்கு மேல. அதுக்கு ஒரே சுலபமான மருந்து இடம் மாத்துறது. ஸ்பீக்கரை மூலையில திணிக்காம சுவரை விட்டு ரெண்டடி முன்னாடி இழுங்க. சோஃபாவைப் பின்சுவரோட ஒட்டி வைக்காதீங்க. பைசா செலவு கிடையாது. அம்மா வீடு பெருக்கும்போது கொஞ்சம் திட்டு விழும், அதைச் சகிச்சுக்கணும்.

சரி, ரூம் ஓ.கே. அடுத்து எல்லாரும் வந்து நிக்கிற இடம் வாட்ஸ்.

பழைய டூ-இன்-ஒன் செட்டுகள் மேல '1000 வாட்ஸ் பி.எம்.பி.ஓ.'ன்னு தங்கக் கலர் ஸ்டிக்கர் பார்த்திருப்பீங்க. அதே செட்டைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்க. 'மின்சாரம்: 40 வாட்' என்கிற மாதிரி ஏதோ போட்டிருக்கும். 40 வாங்கி 1,000 கொடுக்கிற மெஷினைக் கண்டுபிடிச்சவருக்கு நோபல் கொடுத்திருக்கணும்! இன்னிக்கும் அந்த ஸ்டிக்கர் மனப்பான்மை போகலை. 'எத்தனை வாட்ஸ்?'னுதான் கேட்கிறோம். கேட்க வேண்டிய கேள்வி வேற: ஒரு வாட் கொடுத்தா இந்த ஸ்பீக்கர் எவ்வளவு சத்தம் போடும்?

அதுக்குப் பேருதான் சென்சிட்டிவிட்டி. ஸ்பீக்கரோட விவரப் பட்டியல்ல '88 டெசிபல்' மாதிரி இருக்கும். 2.83 வோல்ட் கொடுத்து, ஒரு மீட்டர் தள்ளி மைக் வெச்சு அளக்கிறது. 2.83-ஐ ஸ்கொயர் பண்ணி 8 ஓமால வகுங்க... 1 வாட். கரெக்டா? அதே 2.83 வோல்ட்டை 4 ஓம் ஸ்பீக்கருக்குக் கொடுத்தா 2 வாட் ஆயிடும். ஆக, '4 ஓம், 86 டெசிபல்'னு போட்ட ஸ்பீக்கருக்கு உண்மையில் ஒரு வாட்டுக்கு 83 தான். இந்த இடத்துலதான் நிறைய பேர் கோட்டை விடுறாங்க.

டெசிபல் கணக்கு மனப்பாடமா இருந்தா போதும். பவரை ரெண்டு மடங்காக்கினா 3 டெசிபல் கூடும். பத்து மடங்காக்கினா 10 கூடும். காதுக்கு 'ரெண்டு மடங்கு சத்தம்'னு தோணுறதுக்கே அந்த 10 வேணும். அதனால 50 வாட் ஆம்ப்ளிஃபயரை விட்டுட்டு 100 வாட்டுக்குப் போனா கிடைக்கிறது வெறும் 3 டெசிபல். விலை மட்டும் டெசிபல் கணக்குல ஏறாது, நேராவே ஏறும்.

இன்னொரு ஆச்சரியம். வீட்டுல நிதானமா பாட்டு கேட்கும்போது ஸ்பீக்கருக்கு ஒரு வாட் அளவுக்குத்தான் போகும். பல நேரம் அதுகூட போகாது. அப்புறம் எதுக்கு நூறு? மிருதங்கத்துல ஒரு அடி, ட்ரம்ஸ்ல ஒரு தட்டு... சராசரியை விட 20 டெசிபல் வரைக்கும் சட்டுனு எகிறும். 20 டெசிபல்னா 100 மடங்கு பவர். அந்த ஒரு கண நேரத்துக்கு ஆம்ப்ளிஃபயர்கிட்ட சரக்கு இல்லைன்னா அலையோட தலையை வெட்டிடும். லேப்ல ஆசிலோஸ்கோப்புல பார்த்திருப்பீங்களே, உச்சி தட்டையா... அதேதான் கிளிப்பிங். சின்ன ஆம்ப்ளிஃபயரை முழுசாத் திருகி வெச்சு இப்படிக் கிளிப் பண்ணவிட்டா, அதுல பிறக்கிற மேல் ஸ்தாயிக் குப்பை ட்வீட்டரையே எரிச்சுடும். ஸ்பீக்கரைக் கொல்றது பெரிய ஆம்ப்ளிஃபயர் மட்டும்தான்னு நினைச்சா தப்பு.

இப்போ எங்க சித்தப்பா மேட்டருக்கு வர்றேன். அவர் பர்மிஷனோடுதான் எழுதறேன். "பேர் மட்டும் போட்டுடாதடா" என்றார்.

சித்தப்பா திருச்சியில் இருக்கார். போன வருஷம் ரிட்டயர்டு. வேலைக்குச் சேர்ந்த நாள்ல இருந்து மனுஷனுக்கு ஒரே ஆசை, ஒரு நல்ல ஸ்டீரியோ. ரெண்டு பொண்ணுங்க படிப்பு, வீட்டு லோன்னு அது தள்ளிக்கிட்டே போச்சு. செட்டில்மென்ட் பணம் வந்ததும் சித்தியோட சண்டை போட்டு, சமாதானம் ஆகி, நாலரை லட்சம் ஒதுக்கினார். ஒரு பெரிய ஊர்ல ஒரு பெரிய கடை. எது, எங்கேன்னு கேட்காதீங்க. அங்கே ஒரு ஜோடி டவரைக் கேட்டார். கடைக்காரர் அதை டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயர்ல போட்டுக் காட்டினார். சொர்க்கம். பக்கத்து ரூமுல கண்ணாடி வால்வு ஜொலிக்கிற ஒரு ஆம்ப்ளிஃபயரைக் கேட்டார். அது 300பி வால்வு, சேனலுக்கு 8 வாட். அங்கே ஒரு பெரிய ஹார்ன் ஸ்பீக்கர்ல மாட்டியிருந்தாங்க. அதுவும் சொர்க்கம். "ரெண்டும் சேர்ந்தா அட்டகாசமான காம்பினேஷன் சார்" என்றார் கடைக்காரர். டவர் இரண்டரை லட்சம், வால்வு ஆம்ப்ளிஃபயர் ரெண்டு லட்சம். பில் போட்டாச்சு.

கவனிச்சீங்களா? ரெண்டையும் தனித்தனியா கேட்டார். சேர்த்துக் கேட்கலை.

வீட்டுக்கு வந்ததும் மெதுவா வெச்சா அழகா இருந்தது. ஒரு ஆர்கெஸ்ட்ரா பாட்டுல வயலின்கள் மொத்தமா எழும்போது மட்டும் ஏதோ காகிதம் கிழியற மாதிரி. சித்தப்பா ரெண்டு மாசம் தன் காது மேல சந்தேகப்பட்டார். வயசாயிடுச்சோன்னு ஒரு ஈ.என்.டி. டாக்டர்கிட்டகூடப் போயிட்டு வந்திருக்கார், சித்திக்குத் தெரியாம.

செமஸ்டர் லீவுல நான் போனப்போ விவரப் பட்டியலைப் பார்த்தேன். டவர்: 4 ஓம், 86 டெசிபல். மேலே போட்ட கணக்கை ஓட்டுங்க. ஒரு வாட்டுக்கு 83. எட்டு வாட்டுக்கு 9 கூட்டி 92. ஸ்பீக்கர் ரெண்டு, அதனால இன்னொரு 3. சோஃபா பத்தடி தள்ளி, அதுல ஒரு 8 போயிடும். மிச்சம் 87. சித்தப்பா கேட்கிற அளவு சராசரியா 77. பாட்டு 20 ஏறணும்னு கேட்குது, ஆம்ப்ளிஃபயர்கிட்ட இருக்கிறது 10. காது பாவம், அது கரெக்டாதான் சொல்லியிருக்கு.

அதுக்காக 8 வாட் கேவலம்னு அர்த்தம் இல்ல. அமெரிக்காவுல பால் கிளிப்ஷ் என்கிற இன்ஜினீயர் 1946-ல் விற்பனைக்குக் கொண்டுவந்த கிளிப்ஷ்ஹார்ன் இன்னிக்கும் தயாரிப்புல இருக்கு. சுவர் மூலையையே ஹார்னோட தொடர்ச்சியாப் பயன்படுத்திக்கிற ராட்சசப் பெட்டி. அதோட சென்சிட்டிவிட்டி 105 டெசிபல்னு கம்பெனி சொல்லுது. சித்தப்பாவோட டவரை விட 22 டெசிபல் அதிகம். பவர் கணக்குல ஏறத்தாழ 160 மடங்கு! அதுல இதே 8 வாட்டை மாட்டினா தெருவே எழுந்து வரும். குத்தம் ஆம்ப்ளிஃபயர் மேலயும் இல்ல, ஸ்பீக்கர் மேலயும் இல்ல. ஜாதகம் பார்க்காம முடிச்சுவெச்ச ஜோடி.

ஃப்ரெண்டோட அப்பாகிட்ட இருந்து ஒரு பழைய டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயரை ஒரு வாரத்துக்குக் கடன் வாங்கிட்டு வந்தேன். 4 ஓமுல நூறு வாட் கொடுக்கிறது. அதே பாட்டு, அதே இடம். வயலின்கள் வந்தப்போ சித்தப்பா ஒண்ணும் பேசலை. திரும்பத் திரும்ப அந்த இடத்தையே நாலு தடவை போட்டார். அப்புறம் கடைக்கு போன். வால்வு ஆம்ப்ளிஃபயரைத் திருப்பி எடுத்துக்க ஒரு லட்சத்துப் பத்தாயிரம் தர்றாங்களாம். தொண்ணூறாயிரம் காலி. அது என் தங்கச்சியோட ரெண்டு வருஷ பி.ஜி. ஃபீஸ். இதை எழுதும்போது அந்த ஆம்ப்ளிஃபயர் துணி போர்த்தி ஷோகேஸுக்குள்ள இருக்கு. சித்தி அதைப் பத்தி ஒரு வார்த்தை கேட்கலை. அதுதான் சித்தப்பாவுக்குப் பயமா இருக்காம்.

அதனால உங்ககிட்ட யாராவது கேட்டா, முதல் கண்டிஷன் இதுவா இருக்கட்டும்: எந்த ஜோடியை வாங்கப்போறாங்களோ அதே ஜோடியைச் சேர்த்து மாட்டிக் கேட்கணும். முடிஞ்சா வீட்டுலேயே டெமோ.

ஓம் விஷயத்துல இன்னும் ஒரு சங்கதி பாக்கி. '8 ஓம்' என்கிறது ஒரு செல்லப் பெயர் மாதிரி. அதிர்வெண் மாற மாற ஸ்பீக்கரோட இம்பீடன்ஸ் ஏறி இறங்கும். இங்கிலாந்தோட பவர்ஸ் அண்டு வில்கின்ஸ் 804 டி4-ஐ எடுத்துக்குங்க. 2021-ல் வந்த டவர். பட்டியல்ல 8 ஓம்னு போட்டு, பக்கத்துலேயே 'குறைந்தபட்சம் 3 ஓம்'னு நேர்மையாப் போட்டிருக்காங்க. 20 வோல்ட்டுக்கு 8 ஓம்ல இரண்டரை ஆம்பியர். 3 ஓம்ல ஆறே முக்கால் ஆம்பியர் வரும். அந்தக் கரன்ட்டைத் தள்ள முடியாத ஆம்ப்ளிஃபயர் சூடாகும், ப்ரொடெக்‌ஷன்ல போய் நிக்கும். இதைக் கண்டுபிடிக்க ஈஸியான வழி: ஆம்ப்ளிஃபயரோட 8 ஓம் வாட்டையும் 4 ஓம் வாட்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க. 80 வாட் 140, 150-னு ஏறினா சப்ளைல தெம்பு இருக்கு. 4 ஓம் கணக்கே போடலைன்னா கொஞ்சம் யோசிங்க.

'கிளாஸ் ஏ' ஆம்ப்ளிஃபயர் பத்தி யாராவது கண்ணை மூடிக்கிட்டுப் பேசினா ஒரு கணக்கு சொல்லுங்க. பாட்டே ஓடலைன்னாலும் அது முழு மின்சாரம் இழுக்கும். 200 வாட்னு வெச்சா, தினம் நாலு மணி நேரத்துக்கு 0.8 யூனிட். ரெண்டு மாச பில்லுல 48 யூனிட். கூடவே மே மாசத்துல ஹாலுக்குள்ள ஒரு ஹீட்டர். கிளாஸ் டி-ன்னா 90 சதவிகிதத்துக்கு மேலே எஃபிஷியன்சி, தொட்டா சில்லுனு இருக்கும். முன்னாடியெல்லாம் கிளாஸ் டி-ன்னா மூக்கைச் சுளிப்பாங்க. இப்போ நல்லதும் வந்தாச்சு.

கடையில கேட்கும்போது ஒரு தந்திரத்துல மட்டும் உஷாரா இருங்க. ரெண்டு ஸ்பீக்கர்ல எது ஒரு துளி சத்தமா ஓடுதோ அதுதான் 'நல்லா இருக்கு'ன்னு மூளை சொல்லும். மொபைல்ல ஒரு டெசிபல் மீட்டர் ஆப் போட்டு ரெண்டையும் சமமா வெக்கச் சொல்லுங்க. ஆப் துல்லியமா இல்லாட்டியும் பரவாயில்ல, ஒப்பிடத்தானே? கண்ணும் ஏமாத்தும். ஃபிளாய்ட் டூல், ஷான் ஆலிவ்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் 1994-ல் ஒரு சோதனை பண்ணி வெளியிட்டாங்க. அதே ஸ்பீக்கர்களைத் திரைக்குப் பின்னாடி வெச்சு ஒரு தடவை, கண்ணெதிரே வெச்சு ஒரு தடவை கேட்க வெச்சாங்க. மறைச்சு வெச்சப்போ நல்ல மார்க் வாங்கின சின்ன, விலை குறைஞ்ச சிஸ்டம், கண்ணுல பட்டதும் சரிஞ்சுடுச்சு. கேட்டவங்க யாரோ இல்ல, ஒரு ஸ்பீக்கர் கம்பெனியோட ஊழியர்களே! அதனால மாமாவைக் கண்ணை மூடி உட்கார வைங்க. கடைக்காரர் போடுற டெமோ சிடி வேணாம். அவரே நூறு தடவை கேட்ட பாட்டு மூணு போதும். ஒரு பெண் குரல், ஒரு பேஸ் கிடார், அப்புறம் தவில்-நாதஸ்வரம் மாதிரி கூட்டமா முட்டி மோதுற ஏதாவது ஒண்ணு. '40 கிலோ ஹெர்ட்ஸ் வரை பாடும்' என்கிற பெருமைக்கு ஒரு ரூபாய்கூட அதிகம் கொடுக்காதீங்க. நம்ம காது 20-லேயே நின்னுடும், அறுபது வயசுக் காதுக்குப் பத்து, பன்னிரண்டு கேட்டாலே பெரிசு.

எல்லாம் ஃபாரின்லதான் இருக்குன்னு நினைக்காதீங்க. கொச்சியில் ஜேகப் ஜார்ஜ் என்கிற ஆர்க்கிடெக்ட் 'ரெதம்'னு ஒரு ஸ்பீக்கர் கம்பெனி நடத்துறார். சின்ன வால்வு ஆம்ப்ளிஃபயருக்கு ஒத்துப்போற ஹை சென்சிட்டிவிட்டி டவர்கள், வெளிநாட்டு ஆடியோ பத்திரிகைகள் எழுதுற அளவுக்கு.

வயருக்கு ஆயிரக்கணக்கில் கேட்டா சிரிச்சுட்டு வெளியே வந்துடுங்க. எலெக்ட்ரீஷியன் வீட்டுக்கு இழுக்கிற 2.5 ஸ்கொயர் காப்பர் வயர், அஞ்சு மீட்டர் தூரத்துக்குப் போக வர பத்து மீட்டர், ரெசிஸ்டன்ஸ் 0.08 ஓமுக்குக் கீழே. 8 ஓமுல ஒரு சதவிகிதம்கூட இல்ல. ரிச்சி ஸ்ட்ரீட்ல மலிவாவே முடிஞ்சது. ப்ளஸ், மைனஸ் மட்டும் ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கான்னு பாருங்க. ஒரு பக்கம் மாறினா பேஸ் பாதி காணாமப் போயிடும்.

கரன்ட் போனதும் 'ங்ங்ங்'னு இரைச்சல் வந்தா ஸ்பீக்கர் போச்சுன்னு பதற வேணாம். வீட்டு இன்வெர்ட்டர் ஸ்கொயர் வேவ் டைப்பா இருக்கும். சைன் வேவ் இன்வெர்ட்டர் இல்லைன்னா, கரன்ட் வர்ற வரைக்கும் ஆம்ப்ளிஃபயருக்கு ரெஸ்ட். செட் டாப் பாக்ஸோட கேபிளைப் பிடுங்கினதும் இரைச்சல் நின்னா, அது எர்த் லூப் பிரச்னை, ஸ்பீக்கர் குத்தம் இல்ல.

கடைசியா, அட்டைப்பெட்டி. ஒரு டவர் முப்பது கிலோ தாண்டும். நாளைக்கு சர்வீஸுக்கு அனுப்பணும்னாலும், வீடு மாறணும்னாலும், யாருக்காவது விக்கணும்னாலும் அந்தத் தெர்மோகோல் இல்லாம லாரிக்காரர் தொடமாட்டார். பழைய பேப்பர்காரர் வந்து கேட்டா கொடுத்துடாதீங்க. பரண்ல இடம் இல்லைன்னா கட்டிலுக்கு அடியில தள்ளுங்க.

அடுத்த வாரம்: ஹாஸ்டல் ரூமுக்கு ஹெட்போன். ரூம்மேட் தூங்கணுமில்ல!